ஈரலில் அணையாத கனல்

ஈரலில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி நம் ஜனங்களிடையே இரண்டு தவறான அபிப்பிராயங்கள் நிலவி வருகின்றன. அது திடீரென்று வந்து தாக்குவது என்பது ஒன்று. அதனைத் தடுக்க மனிதரால் ஆவது யாதொன்றுமில்லை, எல்லாம் தலையெழுத்து என்பது மற்றொன்று. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வட சென்னையின் கடலோரம் நெடுகிலும் உழைத்துண்ணும் குடும்பங்களில் இவ்விரண்டு அபிப்பிராயங்களும் ஆழ வேரூன்றியிருக்கின்றன. துறைமுகத்தில் சுமை தூக்கியவர், விசைப்படகில் கடலுக்குப் போனவர், வார்ப்படச் சாலையில் உலையருகே நின்றவர், ஐம்பது வயது வரை ஒரு நாளும் படுத்தறியாதவர், ஒரு நாள் வயிறு உப்பி, தேகம் மெலிந்து, ஆஸ்பத்திரிக்கு வருகிறார். "போன மாதம் வரை நன்றாகத்தான் இருந்தார்" என்று வீட்டார் சொல்லுகிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர்கள் கண்டது பாதி உண்மையே. அம்மனிதருடைய ஈரலில் இருபது முப்பது வருஷங்களாக ஒரு நெருப்பு நீறு பூத்துக் கிடந்தது. அதனை அவரும் அறியவில்லை, அவரைச் சேர்ந்தவர்களும் அறியவில்லை.

ஈரற்புற்று ஒரு நெடுங்கதையின் கடைசி அத்தியாயம். அக்கதையின் முற்பகுதியில் நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. கடைசி அத்தியாயத்தில் வைத்தியர் செய்யக்கூடியது சிறிது. முற்பகுதியில் தடுக்கக்கூடியதோ மிகப் பெரிது. ஆகையால் இவ்விஷயத்தை வைத்திய சாஸ்திரிகளுக்கே விட்டுவிடாமல் பொது ஜனங்களும் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம் என்பது நமது துணிபு.

அழற்சியின் இயல்பு

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதற்கே அழற்சி என்று பெயர். இது நோயன்று, நோயை எதிர்த்துத் தேகம் செய்யும் போர். ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அவ்விடத்தில் திரண்டு கிருமிகளை அழிக்கின்றன. கெட்ட தசையை அகற்றிப் புதுத் தசை வளர இடம் செய்கின்றன. முள்ளை எடுத்துவிட்டால் சில தினங்களில் எல்லாம் அடங்கிவிடும். முள் உள்ளேயே தங்கிவிட்டால் போரும் ஓயாது, புண்ணும் ஆறாது.

ஈரலிலும் இதுவே நடக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஈரலின் உட்தசை வலியை உணர்த்துவதில்லை. அங்கே முள் தைத்தாலும், அது வருஷக் கணக்கில் தங்கினாலும், ஆளுக்குத் தெரியாது. அம்முள் ஒரு கிருமியாக இருக்கலாம், மதுவாக இருக்கலாம், ஈரலில் படிந்த கொழுப்பாகவும் இருக்கலாம். எதுவாயினும் விளைவு ஏறக்குறைய ஒன்றே.

ஓயாத அழற்சியால் மூன்று கேடுகள் உண்டாகின்றன. முதலாவது, ஈரலின் உயிரணுக்கள் இடைவிடாமல் மடிகின்றன. மடிந்தவற்றின் இடத்தை நிரப்ப மற்றவை பெருகுகின்றன. ஒவ்வொரு முறை பெருகும்போதும் உயிரணு தன் மரபுச் சாசனத்தைப் பிரதி எடுத்தாக வேண்டும். ஆயிரமாயிரம் பிரதிகள் எடுக்கையில் எழுத்துப் பிழை நேருவது இயற்கை. இரண்டாவது, வெள்ளை அணுக்கள் பகைவன்மீது வீசும் கடுமையான ரசாயனப் பொருள்கள் பக்கத்திலுள்ள நல்ல அணுக்களின் சாசனத்தையும் சேதப்படுத்துகின்றன. மூன்றாவது, ஆறாத புண்ணின்மேல் தழும்பு படிகிறது. மிருதுவான ஈரல் நாரும் முடிச்சுமாக இறுகிவிடுகிறது. வைத்தியர்கள் இதனை 'ஸிரோஸிஸ்' என்பார்கள். ஈரல் இறுக்கம் என்று நாம் சொல்லலாம். ஈரற்புற்றுகளில் பத்துக்கு எட்டுக்குக் குறையாதவை இவ்வாறு இறுகிய ஈரலிலேயே தோன்றுகின்றன.

பிழையுள்ள சாசனத்தைத் தாங்கிய ஓர் உயிரணு சாதாரண காலத்தில் தானே மடிந்து போகும். அழற்சி ஓயாத ஈரலிலோ, "பெருகு, மடியாதே" என்ற உத்தரவு இரவு பகலாக வந்துகொண்டே இருக்கிறது. அந்த உத்தரவைப் பயன்படுத்திக்கொண்டு பிழையான அணுவும் பிழைத்துப் பெருகுகிறது. புற்றின் பிறப்பு இதுதான்.

சாட்சியங்கள்

அழற்சிக்கும் புற்றுக்கும் சம்பந்தமுண்டு என்று 1863-ம் வருஷத்திலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ருடால்ஃப் விர்ச்சோ கருதினார். புற்றுத் தசைக்குள் வெள்ளை அணுக்கள் குவிந்திருப்பதை அவர் கண்டார். கருத்து சரியே, ஆனால் கருத்து வேறு, ருஜு வேறு. ருஜு கிடைக்க நூறு வருஷங்களுக்கு மேலாயிற்று.

1960-களில் அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதிய பொருளைக் கண்டார். அது ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் அழற்சிக் கிருமியின் மேலுறை என்பது பின்னர்த் தெரிந்தது. அதற்காக அவருக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமியைத் தாங்கியவர்களுக்கே புற்று வருகிறதா என்று தைவானில் பாமர் பீஸ்லியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தார்கள். 22,707 சர்க்கார் உத்தியோகஸ்தர்களை அவர்கள் வருஷக் கணக்கில் தொடர்ந்து கவனித்து 1981-ல் முடிவை வெளியிட்டார்கள். ஈரற்புற்றால் இறந்த 41 பேரில் ஒருவர் நீங்கலாக அனைவரும் கிருமியைத் தாங்கியிருந்தவர்கள். கிருமியில்லாதவரைக் காட்டிலும் அவர்களுக்கு அபாயம் 223 மடங்கு. கோர்ட்டில் பழகிய எவரும் இதைவிடப் பலமான சாட்சியத்தை எதிர்பார்க்க முடியாது. 1994-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிச் சபை, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய இரு கிருமிகளையும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று ஐயமறத் தீர்மானித்தது.

ஹெபடைடிஸ் பி கிருமியிடம் வேறொரு தீக்குணமும் உண்டு. அது தன் மரபுப் பொருளின் ஒரு துண்டை ஈரல் அணுவின் சாசனத்துக்குள்ளேயே சொருகிவிடும். ஆகவே ஈரல் இறுகாமலே புற்று தோன்றுவதும் இக்கிருமியில் உண்டு.

சங்கும் நெருப்பும்

வட சென்னைவாசிகளுக்கு ஆலைச் சங்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. உயிரணுவுக்குள்ளும் அப்படியொரு சங்கு இருக்கிறது. என்.எஃப். கப்பா பி என்பது அப்புரதத்தின் பெயர். அபாயம் நேரும்போது அது விழித்து, அழற்சிக்கு வேண்டிய உத்தரவுகளைப் பிறப்பிக்கிறது. ஈரல் அழற்சியால் புற்று வரும் ஒருவகைச் சுண்டெலிகளை வைத்து ஜெருசலேம் ஹீப்ரு சர்வகலாசாலை விஞ்ஞானிகள் செய்த பரீட்சை 2004-ல் வெளியாயிற்று. பிந்திய கட்டத்தில் இச்சங்கை அடக்கியபோது, கெட்டுப்போன அணுக்கள் முற்றிய புற்றாக வளரவில்லை. அழற்சியே புற்றை வளர்க்கிறது என்பதற்கு இது நேர்முகச் சாட்சியம்.

அப்படியானால் சங்கின் வாயை அடைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அதற்குள் அடுத்த வருஷமே கலிபோர்னியாவில் மைக்கேல் கரின் என்பவரின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. ஈரல் அணுக்களுக்குள்ளேயே இச்சங்கு விழிக்காதபடி செய்த சுண்டெலிகளுக்கு ரசாயனத்தால் வரும் புற்று அதிகமாயிற்று. ஏனெனில் அச்சங்கு நல்ல அணுக்கள் பிழைப்பதற்கும் துணை செய்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. சங்கை உடைப்பது புத்தியாகாது. அது ஊதக் காரணமான நெருப்பையே அணைக்க வேண்டும்.

தெரியும் காமாலையும் தெரியாத காமாலையும்

இங்கே நம் ஜனங்களிடையேயுள்ள ஒரு பெரும் குழப்பத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறோம். காமாலை என்றால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாக வேண்டும் என்றே யாவரும் எண்ணுகிறார்கள். குடிதண்ணீரில் சாக்கடை கலக்கும்போது தெருவோடு பரவும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்ற கிருமிகளால் வருவது. அதில் சிலருக்கு, விசேஷமாகக் கர்ப்பிணிகளுக்கு, உயிராபத்து உண்டு. ஆயினும் பிழைத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சில வாரங்களில் நோய் முற்றும் நீங்கிவிடும். ஈரலில் கனல் தங்குவதில்லை. ரத்தத்தின் வழியாகவும், தாயிடமிருந்து சிசுவுக்கும், சுத்தமில்லாத ஊசியாலும், உடலுறவாலும் பரவும் பி, சி கிருமிகளே உள்ளே தங்குபவை. அவை பெரும்பாலும் மஞ்சளைக் காட்டுவதே இல்லை. தெரியும் காமாலையைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியது தெரியாத காமாலையைக் கண்டு.

இக்குழப்பத்தின் நடுவேதான் கீழாநெல்லி நிற்கிறது. தானே நீங்கும் காமாலைக்கு அதனை அரைத்து மோரில் கொடுத்தால், காமாலை நீங்கிய புகழ் மூலிகையைச் சேருகிறது. எனினும் இம்மூலிகையை ஏளனம் செய்வோர் ஒரு வரலாற்றை அறிய வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன், மேற்சொன்ன பிளம்பர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியவர்களுக்குக் கீழாநெல்லித் தூளைக் கொடுத்துப் பரீட்சித்தார். 1988-ல் லண்டன் 'லான்ஸெட்' பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. முப்பது நாள் மருந்து உண்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பாட்டி வைத்தியத்தின் மூலிகை ஒன்று உலக சபையில் ஏறி நின்றதைக் கண்டு தமிழர் பெருமைப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு அப்பீலில் நிற்க வேண்டும் அல்லவா? 1990-ல் தாய்லாந்திலும், 1994-ல் நியூஸிலாந்திலும் அதே மூலிகையைப் பரீட்சித்தவர்களுக்கு அப்பலன் கிடைக்கவில்லை. 2011-ல் எல்லாப் பரீட்சைகளையும் ஒருங்கே எடைபோட்ட காக்ரேன் ஆய்வு, பலன் உண்டென்று நம்பப் போதிய சாட்சியம் இல்லை என்று முடிவு கூறியது. நமது விஞ்ஞானிகள் செய்தது தவறன்று; அது முறையான காரியம். தம் மூலிகையை உலகத்தார் பரிசோதிக்கும்படி வெளியே வைத்தார்கள். அதுவே சுதேச அபிமானத்தின் உயர்ந்த வழி. பரிசோதனையில் தேறாத பின்னும், ஹெபடைடிஸ் பி உள்ளவரிடம் "இதை உண்டால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று சொல்லிப் பணம் பறிப்பது அபிமானமாகாது. அவ்வாறு இழந்த வருஷங்களில் அழற்சி தன் வேலையைச் செய்துகொண்டே போகும்.

மதுவும் கொழுப்பும்

கிருமி ஒன்றே குற்றவாளி அன்று. மது ஈரலில் சிதையும்போது உண்டாகும் அஸிடால்டிஹைட் என்னும் பொருள் உயிரணுவின் சாசனத்தையே தாக்குவது. நாள்தோறும் குடிப்பவரின் ஈரலில் முதலில் கொழுப்பு படிகிறது, பிறகு அழற்சி தோன்றுகிறது, பிறகு தழும்பு. கிருமியும் மதுவும் ஒரே ஈரலில் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகிறது. 2003-ம் வருஷ இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை சர்க்கார் ஸ்தாபனமான டாஸ்மாக்கின் கையில் இருந்து வருகிறது. ஒரு கை விற்க, மற்றொரு கை அதனால் வந்த நோய்க்கு மருந்து கொடுப்பதை நாம் காண்கிறோம். விற்பனையில் வந்த லாபத்தைக் கணக்கிடுவோர், பாழான ஈரல்களையும் கூலியிழந்த வீடுகளையும் மறுபக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

மது அருந்தாதவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பருத்த உடலும் நீரிழிவும் உள்ளவர்களின் ஈரலில் கொழுப்பு படிந்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு அதே அழற்சியும் அதே இறுக்கமும் வருகின்றன. உழைப்பு குறைந்து, எண்ணெய்ப் பலகாரமும் சர்க்கரைப் பானமும் மிகுந்த இக்காலத்தில் இது பணக்காரர் வியாதியாக மட்டும் நிற்கவில்லை.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்தது. அம்மாதம் 26-ந் தேதி இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களுடைய குறைகள் நியாயமானவை. அவற்றுக்குப் பரிகாரம் தேடுவது சர்க்காரின் கடமை. ஆனால் எல்லா நோயையும் புகைக்கூண்டின் தலையில் ஏற்றிவிட்டால், ஓசையின்றி ஈரலில் குடிகொண்ட எதிரி தப்பிவிடுவான். கண்ணுக்குத் தெரியும் பகைவனோடு போரிடும்போதே தெரியாத பகைவனையும் மறவாதிருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

இனி, நெருப்பை அணைக்கும் வழிகள். முதன்மையானது தடுப்பூசி. பிரசவ காலத்தில் தாயிடமிருந்து ஹெபடைடிஸ் பி தொற்றிய சிசுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. வளர்ந்த பின் தொற்றினால் நூற்றுக்கு ஐவருக்குக்கூட நிலைப்பதில்லை. ஆகையால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் முதல் ஊசியே உயிர்காக்கும் ஊசி. 1984-ல் தைவான் தன் சிசுக்களுக்கு இவ்வூசியைப் போடத் தொடங்கிற்று. ஆறு முதல் பதினான்கு வயதுக் குழந்தைகளிடையே லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த ஈரற்புற்று, பத்து வருஷங்களுக்குள் 0.36 ஆகப் பாதியாயிற்று. புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று உலகம் முதன்முதலில் கண்டது இதைத்தான். நம் நாட்டில் அந்நிய ஊசி ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. 1997-ல் ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் ஸ்தாபனம் சுதேச ஊசியைத் தயாரித்த பின் விலை வெகுவாக இறங்கிற்று. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியை மற்ற மாகாணங்களுக்கு முன்பே தொடங்கின. ஹெபடைடிஸ் பி ஊசியும் அதில் அடக்கம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தாலும், வீட்டருகே தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தாலும், "முதல் ஊசி போட்டாயிற்றா?" என்று கேட்பது தகப்பனின் முதற் கடமையாக வேண்டும்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். சி உள்ளவர் சுமார் 55 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோர் தம் நிலையை அறியார். அறியும் சிலரும் விபரீதமான முறையில் அறிகிறார்கள். வளைகுடா நாட்டு வேலைக்காக வைத்தியச் சோதனைக்குப் போகும் வாலிபர், கிருமி இருக்கிறது என்பதால் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்படுகிறார். கடன் வாங்கிக் கட்டிய பணம் போய், வெட்கத்தால் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, மறுபடியும் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புவதில்லை. அச்சீட்டு அவருடைய உயிரைக் காத்திருக்கக்கூடியது! வேலைக்கு ஆகாது என்று சொன்னதோடு நில்லாமல், சிகிச்சைக்குப் போகும் வழியையும் சொல்லி அனுப்பினால் எத்தனை குடும்பங்கள் பிழைக்கும்! இக்கிருமி கூட உண்பதாலோ, ஒரே படகில் வேலை செய்வதாலோ, கைகுலுக்குவதாலோ தொற்றுவதில்லை. ஆகவே உள்ளவரை ஒதுக்குவதற்கு நியாயமே இல்லை.

மூன்றாவது, சிகிச்சை. ஹெபடைடிஸ் சி-யைக் கண்டறிந்த மூவருக்கு 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று சுமார் பன்னிரண்டு வாரம் மாத்திரை உண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது அறவே நீங்குகிறது. ஹெபடைடிஸ் பி-யை வேரோடு களைய இன்னும் வழியில்லை. ஆயினும் தேவைப்பட்டவர்கள் தினம் ஒரு மாத்திரை உண்டு வந்தால் கிருமி அடங்குகிறது, அழற்சி தணிகிறது, புற்றின் அபாயமும் குறைகிறது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ்ச் சோதனையும் மருந்தும் இலவசம். ஈரல் ஏற்கெனவே இறுகியவர்கள் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் செய்துகொண்டால், புற்று சிறிதாக இருக்கும்போதே கண்டு அகற்ற இடமுண்டு.

வட சென்னையில் இதற்கெல்லாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்து, 1938-ல் மெடிகல் காலேஜாக உயர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கிறது. இன்றும் பழைய ஜனங்கள் அதனைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள். ஈரல் மாற்றுச் சிகிச்சையும் அங்கே நடந்திருக்கிறது. ஆனால் பதினாயிரத்தில் ஒருவருக்குப் புது ஈரல் கிடைப்பதைக் காட்டிலும், பதினாயிரம் பேரும் தம் சொந்த ஈரலைக் காத்துக்கொள்வதே மேல்.

ஆகவே தொழிற்சங்கத் தலைவர்களையும், மீனவ கிராமப் பஞ்சாயத்தாரையும், ஆலை முதலாளிகளையும் நாம் கேட்டுக்கொள்வது இதுவே. போனஸுக்கும் விடுமுறைக்கும் வாதாடுவதைப் போலவே, ஒவ்வொரு தொழிலாளியின் ரத்தத்தையும் ஒரு முறையேனும் பரிசோதிக்க ஒரு நாள் கூலியோடு அவகாசம் தர ஏற்பாடு செய்யுங்கள். முடிவைப் பரம ரகசியமாக வைத்து, கிருமி கண்டவரை வேலையிலிருந்து நீக்காமல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். 2022-ல் உலகில் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்டோர் ஈரற்புற்றால் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோரின் ஈரலில் நெருப்பு முதலில் பற்றியபோது, அதனை அணைக்கும் நீர் எட்டாத இடத்தில் இருந்தது. நமக்கோ அது கைக்கெட்டிய தூரத்தில், விலையின்றி இருக்கிறது. இருந்தும் வாளாவிருந்தால், குற்றம் விதியின்மீது அன்று, நம்மீதே.